வராத போர்க்கப்பல்களுக்காக ஓர் ஆளை நிறுத்திவைத்தேன்

உங்கள் மேலாளர் போன கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஊக்கம் தருவதுபோல் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டுவிட்டு, நான் கொடுத்த கோப்பியைக்கூடக் குடித்து முடிக்காமல் ஓடிவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் கப்பல்களுக்கு ஆள் அனுப்பிக் களைத்தவனிடம் போய்க் கேட்கிற பொருளா ஊக்கம்? எரிச்சல் கேட்டிருந்தால் மூட்டை மூட்டையாகத் தந்திருப்பேன்.

மாலுமிகளைத் தெரிவு செய்வது, சான்றிதழ் பார்ப்பது, விசாப் படிவம் நிரப்புவது எல்லாம் உங்கள் கோப்புகளில் இருக்கிறது. அதை நான் திரும்ப எழுதப்போவதில்லை. ஒரேயொரு பிழையைப் பற்றி எழுதுகிறேன். அதை நினைக்கும்போது முதலில் உலகத்தின் மேல் கோபம் வருகிறது, பிறகு கப்பல் உரிமையாளர்கள் மேல் வருகிறது, கடைசியில் சுற்றிவளைத்து என் மேலேயே வந்து நிற்கிறது. பிழை என்னுடையதுதான்.

பிழை நடந்தது 2022இல். ஆனால் அதை நான் கற்றுக்கொண்டது 1990இல். அந்த வருடம் ஈராக் குவைத்துக்குள் படையோடு புகுந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. நாங்கள் அனுப்பிய ஐந்து பேர் வளைகுடாவில் ஓர் இழுவைக் கப்பலில் இருந்தார்கள். அவர்களுடைய வீட்டார் கொள்ளுப்பிட்டியில் இருந்த எங்கள் கம்பனிக் கந்தோரில் வந்து குந்திக்கொண்டு அழுதார்கள். நான் பேப்பரில் வந்த வரைபடத்தை வெட்டிச் சுவரில் ஒட்டி, "பயப்பிடாதேங்கோ, பெரிய நாடுகள் எல்லாம் சேர்ந்து வருவினம், பிடிச்சவன் விட்டுட்டு ஓடவேண்டி வரும்" என்று அடித்துச் சொன்னேன். சொன்னபடியே வந்தார்கள். பிடித்தவனும் ஓடினான். எங்கள் ஐந்து பேரும் உடம்பில் கீறல் இல்லாமல் வீடு திரும்பினார்கள்.

அதோடு என் தலையில் கொம்பு முளைத்துவிட்டது. எந்த நாட்டில் எந்தச் சண்டை வந்தாலும் கந்தோரில் என்னிடம்தான் கருத்துக் கேட்பார்கள். நானும் கதிரையைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு கருத்துச் சொல்வேன். ஒரு நாட்டை இன்னொரு நாடு விழுங்க உலகம் விடாது என்பதுதான் என்னுடைய ஒரே கருத்து. நடுவில் எத்தனையோ சண்டைகளில் உலகம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அதெல்லாம் என் கண்ணில் படவில்லை. முதல் தடவை சரியாகச் சொல்லிவிட்டவனுக்கு அதன்பிறகு கண் அவ்வளவாகத் தெரியாது.

2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையை அனுப்பியபோது, அங்கே கருங்கடலை ஒட்டிய ஓர் ஆற்றுத் துறைமுகத்தில் ஒரு தானியக் கப்பல் கட்டிக்கிடந்தது. அதில் எங்கள் ஆள் ஒருவர் இருந்தார். பெயர் பெனடிக், ஊர் கொட்டாஞ்சேனை, இயந்திர அறையில் ஃபிட்டர் வேலை. வயது முப்பத்தாறு. இயந்திரம் ஓடும்போது சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று அவரோடு வேலை செய்த பொறியியலாளர்கள் எல்லாரும் எழுதி அனுப்பியிருந்தார்கள். துறைமுகத்தை மூடிவிட்டதால் கப்பல் அசைய முடியவில்லை.

சண்டை தொடங்கி மூன்றாம் நாள், சனிக்கிழமை, பெனடிக் எனக்கு வாட்ஸ்அப்பில் கோல் எடுத்தார். பக்கத்துக் கப்பல்காரர்கள் எல்லையைத் தாண்டிப் போக ஒரு பஸ் ஒழுங்கு செய்திருந்தார்கள். அதில் இரண்டு இடம் மிச்சம் இருந்தது. போக விரும்புகிறவர் போகலாம் என்று அவருடைய கப்டனே சொல்லிவிட்டார். பஸ் புறப்பட ஒரு மணித்தியாலம்தான் இருந்தது.

"சேர், நான் போகவா, நிக்கவா?" என்று கேட்டார்.

இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். அந்த மனுசனுக்குப் பக்கத்தில் கப்டன் இருக்கிறார், கண்ணுக்கு முன்னால் பஸ் இருக்கிறது, தூரத்தில் வெடிச்சத்தம் கேட்கிறது. அவர் கேட்பது ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் கொழும்பு காலி வீதிக் கந்தோரில் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் என்னிடம். ஏனென்றால் நம் தொழிலில் அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறோம். முகவர் சொல்லாமல் கப்பலை விட்டு இறங்கினால் தப்பிப் போனவன் என்று பெயர் விழும், பிறகு ஒருவனும் கப்பலில் ஏற்றமாட்டான். அந்தப் பயத்தை நாங்கள்தான் முதல் நாளே ஊட்டி அனுப்புகிறோம். ஊட்டியதில் நானும் ஒருவன்.

நான் யோசிக்க எடுத்துக்கொண்டது அரை நிமிடம்கூட இல்லை. "நில் தம்பி. ரோட்டால போறதுதான் ஆபத்து. பத்துப் பன்னிரண்டு நாளுக்குள்ள மற்ற நாட்டுப் போர்க்கப்பல் வந்து கடலைத் திறந்துவிடும். நீர் கப்பலோடயே வரலாம்."

"நிச்சயமா வருமா சேர்?"

"தொண்ணூறில நான் பாத்தனான்" என்றேன்.

"அப்ப சரி சேர்" என்று வைத்துவிட்டார். பஸ் அவர் இல்லாமல் போனது. அந்த இடத்தில் வேறு யாரோ ஏறிப் போய், மறுநாளே எல்லையைத் தாண்டிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

படை அனுப்பமாட்டோம் என்று பெரிய நாடுகள் சண்டைக்கு முதலே வாய்விட்டுச் சொல்லியிருந்தன. நானும் வாசித்தேன். எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று தட்டிவிட்டேன். சொல்வதைச் சொன்னபடி நம்பக்கூடாது என்பது கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

திங்கட்கிழமை பெனடிக்கின் மனைவி ரெஜினா கந்தோருக்கு வந்தார். கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்து பாடசாலைச் சீருடை தைப்பவர். அப்போது நாட்டில் மின்வெட்டு. லிப்ட் ஓடவில்லை. ஐந்து மாடி ஏறி வந்து, தண்ணீர் கொடுத்தபோதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"சேர், போர்க்கப்பல் வரும் எண்டு அவருக்குச் சொன்னீங்களாம். உங்களுக்கு அத யார் சொன்னது?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. விசிறியும் இல்லை, வியர்வை ஒரு பக்கம். "ஒருத்தரும் சொல்லத் தேவையில்லைப் பிள்ளை. குவைத்துக்கு வந்தவை. இதுக்கும் வருவினம்."

"குவைத்தப் பிடிச்சவன்ட்ட அணுகுண்டு இருந்திச்சா?"

முப்பது வருடமாக நான் கருத்துச் சொல்லிவந்த விஷயத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் எவரும் கேட்டதில்லை. நானும் என்னிடம் கேட்டதில்லை.

"நேத்து டீவியில காட்டினாங்க. ரஷ்யாவ ஆளுறவரு தன்ட பெரிய அதிகாரிமாரக் கூப்பிட்டு, குண்டுகள ஆயத்தமா வெச்சிருக்கச் சொன்னாரு. மத்த நாட்டுக்காரங்க கண்டிக்கிறம் எண்டாங்க. அவனோட யாவாரம் செய்ய மாட்டம் எண்டாங்க. அடி வாங்குறவங்களுக்குத் துவக்கு, ஆயுதம் எல்லாம் அனுப்புறம் எண்டாங்க. ஆள் அனுப்புறம் எண்டு ஒருத்தரும் சொல்லல்ல சேர். நானும் கரண்ட் போற வரைக்கும் பாத்துக்கொண்டுதான் இருந்தன்."

நான் விட்டேனா? ஒப்பந்தங்கள், கூட்டணிகள், தானிய வியாபாரம், எண்ணெய் விலை என்று ஒரு பிரசங்கம் வைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நான் மூச்சு வாங்கிய இடத்தில் அவர் தொடங்கினார்.

"எங்கட லேன்ல ஒருத்தன் இருக்கான் சேர். வெறி வந்தா பக்கத்து வீட்டுக்குள்ள பூந்து அடிப்பான். சும்மா போக மாட்டான். கேஸ் சிலிண்டரத் தூக்கிக்கொண்டு, லைட்டரக் கையில வெச்சுக்கொண்டுதான் போவான். யாராச்சும் கிட்ட வந்தா எல்லாரும் சேந்து போவம் எண்டு கத்துவான். லேன்ல எத்தன ஆம்பிளைங்க! எல்லாரும் அவங்கவங்க வாசல்ல நிண்டு ஏசுவாங்க. கடைக்காரர் அவனுக்குச் சாமான் குடுக்க மாட்டாரு. அடி வாங்குறவனுக்குப் பின் ஜன்னலால பொல்லுக் குடுப்பாங்க, மருந்து குடுப்பாங்க. ஆனா ஒருத்தரும் உள்ளுக்குப் போக மாட்டாங்க. பிழை சொல்லேலாது. எல்லார் வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கு."

"அவன் உண்மையாப் பத்தவைப்பான் எண்டு நினைக்கிறீரோ?" என்று கேட்டேன்.

"இல்ல. பத்த வைக்க மாட்டான் எண்டுதான் நினைக்கிறன். எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கிறாங்க. ஆனா அத நம்பி உள்ளுக்குப் போக யாருக்கு சேர் தைரியம் வரும்?" பிறகு குரல் தணிந்தது. "என்ட மனுசன் இப்ப அந்தப் பக்கத்து வீட்டுல இருக்காரு. நீங்கதான் அங்கயே இருக்கச் சொன்னீங்க. இறங்கச் சொல்லுங்க. நான் சொன்னா, சேர் நிக்கச் சொன்னவரு எண்டுறாரு."

அப்போதாவது தொலைபேசியை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. சனிக்கிழமை நில் என்று சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை ஓடு என்று சொன்னால் என் சொல்லுக்கு என்ன மரியாதை என்று பார்த்தேன். ஆம், அந்த நேரத்திலும் அதைத்தான் பார்த்தேன். விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன்.

விசாரிக்க எனக்கு இருந்தவர் ஒரே ஆள்தான். பொரளையில் வசித்த ஓய்வுபெற்ற கப்டன், சிங்களவர். எனக்கு இந்தத் தொழிலைக் காட்டித் தந்தவர்களில் ஒருவர். பெயர் எழுதினால் ஏசுவார், அதனால் விடுகிறேன். கொழும்புத் துறைமுகத்தில் பொறுக்கிய தமிழில் பிசிறில்லாமல் திட்டுவார். திட்டும்போதும் என்னை மல்லி என்பார், சிங்களத்தில் தம்பி. அன்று அவரும் எரிவாயு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியிருந்தார்.

"எந்தப் போர்க்கப்பல் மல்லி? யார்ட கப்பல்?" என்று தொலைபேசியில் கத்தினார். "குவைத்துக்கு வந்தவன், வந்தா தனக்கு என்ன நடக்கும் எண்டு பாத்துட்டுத்தான் வந்தான். இப்பவும் அதையேதான் பாக்கிறான். பாத்துட்டு வீட்டுல இருக்கிறான். அது நல்லதும்தான். போர்க்கப்பல் அங்க போய் அதுல ஒண்டு மூழ்கினா நீயும் இல்ல, நானும் இல்ல, பொரளையும் இல்ல."

நான் ஒப்பந்தங்கள் என்று தொடங்கினேன், அவர் விடவில்லை.

"உக்ரைன்காரங்களப் பாரு. தங்கட மண்ணில இருந்த அணுகுண்டெல்லாம் ஒரு காலத்தில குடுத்துட்டாங்க. பதிலுக்கு, உங்கட மண்ணத் தொடமாட்டம் எண்டு கடதாசியில கையெழுத்து வாங்கினாங்க. இப்ப அந்தக் கடதாசிய வெச்சு எந்த ரொக்கெட்ட மறிக்கிற? நீயும் கடதாசி வேலைதானே செய்யிற. உன்ட கையெழுத்தாலயாவது ஒரு மனுசன் இறங்குறானா எண்டு பாரு. போன வை."

வைத்துவிட்டேன். அதன்பிறகு அரை மணித்தியாலத்தில் கடிதம் எழுதினேன். பெனடிக்கைக் கப்பலிலிருந்து இறக்குவது என் தீர்மானம், மாற்று ஆள் வராவிட்டாலும் அவர் இறங்கலாம், அவர்மேல் எந்தக் குற்றமும் வராது, பொறுப்பு முழுக்க என்னுடையது என்று எழுதிக் கையெழுத்து வைத்து, கந்தோர் முத்திரையும் குத்திப் படம் பிடித்து அனுப்பினேன். சண்டை தொடங்கிய நாளில் இருந்திருக்க வேண்டிய கடிதம் அது.

உரிமையாளரின் ஆள் இன்னொரு நாட்டிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டார். யாரைக் கேட்டு எழுதினீர், குறைந்தபட்ச ஆட்கள் இல்லாமல் கப்பலுக்குக் காப்புறுதி இல்லாமல் போகும், இது தெரியாதா என்று சத்தம் போட்டார். கப்பல் நகரவே முடியாத இடத்தில் அதை ஓட்டத் தேவையான ஆட்களின் கணக்கைப் பற்றி அவர் விளக்கியதை இருபது நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். நம் பக்கத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கேட்டால், நிலைமையை உன்னிப்பாக அவதானித்து வருகிறோம் என்றார்கள். இரண்டு நாள் கழித்துக் கேட்டேன். அதே வசனம், அதே குரல். எவ்வளவு உன்னிப்பாக அவதானித்தாலும் ஒரு பஸ் வராது என்று சொல்லிவிட்டு வைத்தேன். தேவையில்லாத பேச்சு. அவர்களுக்குக் கோபம் வந்ததுதான் மிச்சம்.

பெனடிக்குக்குக் கடிதம் கிடைத்தது. ஆனால் இப்போது பஸ் இல்லை. நகரத்துக்கு வெளியே பாலத்தை மறித்துவிட்டார்கள். பாதைகளில் சண்டை. சனிக்கிழமை ஒரு மணித்தியாலத்தில் செய்திருக்கக்கூடிய காரியத்துக்கு இப்போது வழியே இல்லை. ஒவ்வொரு நாளும் மின்சாரம் வரும் நேரம் பார்த்துத் தொலைபேசியைச் செருகிவிட்டுக் காத்திருப்பேன். "இருக்கிறன் சேர்" என்று இரண்டு சொல் வரும். அதை ரெஜினாவுக்கு அனுப்புவேன். அவருக்கு அது முதலே வந்திருக்கும்.

ஒரு நாள் அந்த இரண்டு சொல்லும் வரவில்லை. துறைமுகப் பண்டசாலையில் ஒரு ஷெல் விழுந்திருக்கிறது. பெனடிக் அப்போது மேல்தளத்தில் தண்ணீர்ப் பம்பைத் திருத்திக்கொண்டு நின்றிருக்கிறார். தூக்கி எறியப்பட்டார். கை கால் தப்பியது. இடது காது கேட்காமல் போய்விட்டது. வலது காதில் பாதி மிச்சம். அதற்குப் பிறகும் நாலு நாள் கழித்துத்தான் ஒரு வேன் வண்டியில் இடம் கிடைத்து, எல்லையைத் தாண்டி, நாட்டுக்கு நாடு மாறி, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கினார்.

மருத்துவச் சோதனையில் கடல் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். வேறு என்ன எழுதுவார்கள்? சத்தத்தை வைத்து இயந்திரத்தைப் படித்த ஆள். அவருடைய கோப்பை மூடும் படிவத்தில் கையெழுத்து வைக்கவேண்டியவன் நான். வைத்தேன். அன்று வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சண்டை தொடங்கியதும் எந்தப் பக்கம் நியாயம், எந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் வாசிப்பீர்கள். வாசியுங்கள், நல்லது. ஆனால் உங்கள் ஆள் அங்கே இருந்தால், முதலில் கேட்கவேண்டியது ரெஜினா கேட்ட கேள்வி. புகுந்தவனிடம் அந்தக் குண்டு இருக்கிறதா? இருந்தால், உலகம் ஏசும், கதவை மூடும், ஆயுதம் அனுப்பும், அகதிகளுக்குப் போர்வை கொடுக்கும், எல்லாம் செய்யும். தான் மட்டும் வராது. வந்தால் என்ன ஆகும் என்ற பயம் நியாயமான பயம். அந்தப் பயத்தால்தான் நீங்களும் நானும் இருக்கிறோம் என்று பொரளைக் கப்டன் சொன்னது உண்மைதான். அது உண்மை என்பதுதான் எனக்கு ஆகப்பெரிய எரிச்சல். உலகத்தைக் காப்பாற்றுகிற அதே பயம்தான் பெனடிக்கை அந்தத் துறைமுகத்தில் தனியே விட்டது. இதில் யாரைப் பிடித்து உலுக்குவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் வராத ஒருவருக்காகக் காத்திரு என்று அவருக்குச் சொன்னது குண்டு அல்ல. நான்தான் சொன்னேன்.

அடுத்தது, ஒருவரை நிறுத்திவைப்பது ஒரு சொல் வேலை என்று நினைக்காதீர்கள். நில் என்று சொல்லும்போது அந்த இடத்தில் உங்கள் பிள்ளை நின்றால் சொல்வீர்களா என்று பாருங்கள். சொல்லிவிட்டீர்களா, பிழை என்று தெரிந்த அந்த நிமிடமே மாற்றிச் சொல்லுங்கள். மானம் போனால் போகட்டும்.

ஓய்வு பெறுவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோப்பின் பிரதியைக் கொடுக்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பிரதியைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். சின்ன வீடு. பெனடிக் முன்னறையில் ஒரு பழைய மின்விசிறியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தார். கண்டதும் எழும்பினார், கதிரை தந்தார், சேர் எப்பிடி என்று கேட்டார். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நான் நெடுநேரம் வெயிலைப் பற்றியும் பெற்றோல் வரிசையைப் பற்றியும் கதைத்தேன். பிறகு அவர் கண்ணைப் பார்க்காமல், மெதுவாக, "என்னை மன்னிச்சுக்கொள்ளும் தம்பி. நான் பிழையாச் சொல்லிப்போட்டன்" என்றேன்.

அவர் இடது காதைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார். நான் உட்கார்ந்திருந்தது அந்தப் பக்கம். எழும்பி, கதிரையையும் இழுத்துக்கொண்டு அவருடைய வலது பக்கம் போய் இருந்து, இன்னொரு தடவை சொன்னேன். பாதிக் காதுக்குக் கேட்கும்படி உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அறுபது வயதுக்கு மேல், அடுத்த வீட்டுக்கும் கேட்கும் சத்தத்தில், நான் பிழை விட்டேன் என்று சொல்லிப் பாருங்கள். உள்ளே குசினியில் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது.

பெனடிக் ஸ்குரூ டிரைவரை எடுத்து, மறுபடி விசிறிப் பக்கம் குனிந்தார்.

"முதல் தடவையே வாயப் பாத்து வெளங்கிட்டுது சேர்" என்றார். "ரெஜினாவுக்குத்தான் அப்ப கேக்கல்ல."